சாவி திரும்புகிறது, டிக்கி திறக்கவில்லை

கேள்வி: ஆறு வருடம் ஓடிய ஸ்கூட்டர். சாவியைத் திருப்பினாலும் சீட் எழும்பவில்லை. ஆர்.சி. புத்தகமும் மழைக்கோட்டும் உள்ளே மாட்டிக்கொண்டன. ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பலாமா? (வாசகி, குளச்சல்)

நெம்பவே வேண்டாம். பூட்டின் கொக்கி இரும்பு. சீட்டின் அடித்தட்டு பிளாஸ்டிக். நெம்பினால் கொக்கி அப்படியே இருக்கும், தட்டுதான் விரியும். பிறகு முழு சீட்டையும் மாற்ற வேண்டி வரும்.

சாவியைத் திருப்பும்போது உள்ளே ஒரு கேபிள் இழுபடுகிறது. அது சீட்டின் பின்பக்கக் கொக்கியை விலக்குகிறது. அதனால் சாவி கையில் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

திரும்பும்போது இறுக்கம் தெரிந்து, விட்டதும் சாவி தானே பழைய இடத்துக்கு வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது, கொக்கிதான் சிக்கியிருக்கிறது. டிக்கியில் ஹெல்மெட்டையோ பையையோ திணித்திருந்தால் அது சீட்டை மேலே தள்ளிக் கொக்கியை இறுக்கிப் பிடிக்கும். ஒருவர் சீட்டின் வால் பக்கம், பூட்டுக்கு நேர் மேலே, இரண்டு கையாலும் அழுத்தட்டும். அழுத்தம் விடாமல் இருக்கும்போதே மற்றவர் சாவியைத் திருப்பட்டும். நடுவில் அழுத்திப் பயனில்லை. பெரும்பாலான டிக்கிகள் இதிலேயே திறந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் துரு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஓயாது. இரண்டு பருவமழையும் நம் குமரி மாவட்டத்தில் பெய்கிறது. துரு நீக்கும் ஸ்பிரேயின் மெல்லிய குழாயைச் சீட்டின் பின் இடுக்கில் விட்டு, கொக்கி இருக்கும் இடத்தில் அடியுங்கள். இருபது நிமிடம் ஊறவிட்டு, அழுத்தித் திருப்புங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம்.

சாவி தொளதொளவென்று சுற்றினால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும். சாவித்துவாரம் இருக்கும் பக்கத்து பேனலைக் கழற்றி, கேபிளின் உள்கம்பியை மூக்குக் குறடால் பிடித்து இழுத்தால் திறக்கும். கம்பி கொக்கிப் பக்கம் அறுந்திருந்தால் பின்பக்க பேனலையும் டெயில் லைட்டையும் கழற்ற வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவுவது ஆபத்து. சில மாடல்களில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது; கம்பி அதன் முனைகளில் பட்டால் ஷார்ட் ஆகும்.

சாவி திரும்பவே இல்லையா? பலம் காட்டாதீர்கள், உள்ளேயே முறிந்துவிடும். துவாரத்தில் கிராஃபைட் தூள் போட்டு, சாவியைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது அன்றைக்கு வேலை செய்யும். பிறகு கடற்கரை மணலையும் தூசியையும் பிடித்து வைத்து, பூட்டை இன்னும் மோசமாக்கும்.

திறந்ததும் சீட்டை உடனே மூடிவிடாதீர்கள். பழைய டூத்பிரஷால் கொக்கியைத் தேய்த்துத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சீட்டைத் தூக்கியே வைத்து, ஸ்குரூடிரைவர் முனையால் கொக்கியைத் தள்ளிப் பூட்டிப் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது அது 'டக்'கென்று விலக வேண்டும். ஐந்து முறை தடையில்லாமல் விலகினால் மட்டும் சீட்டை இறக்குங்கள். ஒருமுறை தயங்கினாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.