தாய் எங்கே என்று கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. லாப்ரடார் குட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டு வருகிறாள். வீட்டுக்கு அருகில் உள்ள செல்லப்பிராணிக் கடையில் 35 நாள் குட்டி ஒன்றை 9,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். கூண்டில் அது சோர்ந்து படுத்திருப்பதைப் பார்த்தால் வாங்கி வந்து காப்பாற்றிவிடலாம் என்றே தோன்றுகிறது. என் கணவரின் நண்பர் சொன்ன ‘ப்ரீடர்’ (நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்) ஒருவர் கே.சி.ஐ. பேப்பருடன் (இந்திய கென்னல் கிளப்பின் வம்சப் பதிவுச் சான்று) 22,000 ரூபாய் கேட்கிறார். அவரிடம் நான்கைந்து இனங்கள் இருக்கின்றனவாம். முன்பணம் அனுப்பினால் சுங்கச்சாவடி வரை குட்டியைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். தெருவில் இத்தனை குட்டிகள் கிடக்கும்போது காசு கொடுத்து நாய் வாங்குவது பாவம் என்கிறார் என் நாத்தனார். எல்லாமே வியாபாரம்தான், எங்கே வாங்கினால் என்ன என்கிறார் என் கணவர். எது நியாயம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் இருந்தே தொடங்குகிறேன். நாயை வளர்த்து, ஈற்றெடுத்து, குட்டிகளை விற்பது வியாபாரம்தான். அதைச் செய்கிறவர் பணம் வாங்குவதில் தவறு எதுவும் இல்லை. அந்தப் பணம் எந்த விதமான வளர்ப்பைத் தாங்கி நிற்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் கடிதத்தில் குட்டி இருக்கிறது, விலை இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. அந்தக் குட்டியை ஈன்ற தாய் நாய் ஒரு வரியில்கூட இல்லை. இது உங்கள் கவனக்குறைவு அல்ல. வாங்குபவரின் கண்ணில் தாய் படாதபடியே இந்த வியாபாரம் பெரும்பாலும் நடந்து வருகிறது.

கடைக்காரர் பொதுவாக நாய் வளர்ப்பவர் அல்லர். எங்கோ ஒரு மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ பிறந்த குட்டிகளை இடைத்தரகர் திரட்டிக் கொண்டுவந்து கடைகளுக்குத் தருகிறார். அங்கே இருக்கும் தாய்க்கு ஒவ்வொரு ‘ஹீட்’டிலும், அதாவது இணை சேரும் பருவத்திலும், இணை சேர்க்கப்படுகிறது, ஒரு ஈற்றிலிருந்து உடல் தேறுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களிலிருந்து, இனி குட்டி போடாது என்று கைவிடப்பட்ட பின் சிகிச்சைக்கு வரும் நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். சிமெண்டுத் தரையிலேயே படுத்துப் படுத்து முழங்கையில் முடி உதிர்ந்து தோல் தடித்துப் போயிருக்கும். நடக்க விடாததால் நகங்கள் வளைந்து வளர்ந்திருக்கும். முலைக்காம்புகள் தொங்கிப் போயிருக்கும். கழுத்தில் சங்கிலி மாட்டினால் எப்படி நடப்பது என்று தெரியாமல் அப்படியே தரையில் பதுங்கிக்கொள்ளும். 9,000 ரூபாய்க்குக் குட்டி கிடைப்பதற்கான செலவை அந்தத் தாய்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகள் 2017இலும், செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் 2018இலும் கொண்டுவரப்பட்டன. பதினெட்டு மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ப்ரீடரும் கடைக்காரரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கடையில் நின்று குட்டி வாங்குகிறவருக்கு அதன் தாய் எத்தனை முறை ஈன்றது என்பது தெரிய வழியில்லை, ஏனென்றால் கடைக்காரருக்கே அது தெரியாது. அந்த 35 நாள் குட்டியைப் பொறுத்தவரை நீங்கள் ஆராய வேண்டிய அவசியமே இல்லை. எட்டு வாரம் என்பது 56 நாள்.

‘சின்னதாக இருக்கும்போதே எடுத்தால்தான் நம்மோடு பழகும்’ என்று கடையில் சொல்லியிருப்பார்கள். விற்பனைக்கு வசதியான பேச்சு இது; உண்மை இதற்கு நேர் எதிரானது. நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் ஒரு குட்டி தன் உடன்பிறப்புகளோடு மல்லுக்கட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் எதிரில் உள்ள குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் உறுமும். இந்தப் பாடம் கிடைக்காமல் வரும் குட்டி அதை உங்கள் மகளின் கையில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

‘முதல் ஊசி போட்டாச்சு’ என்பதையும் நம்பி நிம்மதி அடைய வேண்டாம். தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பு சக்தி உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அந்த எதிர்ப்பு சக்தி எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும் என்பதால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் போடச் சொல்கிறார்கள். முப்பது நாளில் போட்ட ஒற்றை ஊசி அட்டையில் ஒரு முத்திரையைத் தரும், பாதுகாப்பைத் தரும் என்று சொல்ல முடியாது. பல இடங்களிலிருந்து வந்த குட்டிகளை ஒரே கூண்டில் அடைக்கும் கடையில், குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் ஒரு குட்டிக்கு இருந்தால் மற்றவைக்கும் பரவும். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகலாம் என்பதால், கடையில் துள்ளி விளையாடிய குட்டி உங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக விழக்கூடும். நீங்கள் பார்த்த குட்டி சோர்ந்து படுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் ஏக்கமாக இல்லாமலும் இருக்கலாம்.

அந்தக் குட்டியைக் காப்பாற்றிவிடலாம் என்ற உங்கள் எண்ணத்தைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த இரக்கத்தில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் வாங்கினால் அந்த ஒரு குட்டி பிழைக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் உங்கள் இரக்கம் இரக்கமாகப் பதிவாகாது. ஒரு லாப்ரடார் விற்றது என்று பதிவாகும்; அன்று மாலையே தரகருக்கு இன்னொன்று அனுப்பச் சொல்லிப் போன் போகும்; அந்தக் கொட்டகைத் தாய்க்கு இன்னொரு ஈற்று உறுதியாகும். சோர்ந்த குட்டிதான் சீக்கிரம் விலைபோகிறது என்று ஒரு கடைக்காரர் கண்டுகொண்டால், குட்டிகளை நன்றாக வைத்துக்கொள்ள அவருக்கு என்ன தேவை இருக்கிறது? நோயுற்ற குட்டி கூண்டில் இருக்கிறது என்றால், நாளும் நேரமும் குறித்துப் படம் எடுத்து, மாவட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். கடையின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதைவிட மெதுவான வழி இது, சில சமயம் எரிச்சலூட்டும் வழியும்கூட. ஆனால் அடுத்து வரவிருக்கும் குட்டிகளையும் கணக்கில் கொள்கிற வழி.

இனி அந்த 22,000 ரூபாய்க்காரர். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், கடைக்கும் ப்ரீடருக்கும் இடையே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இன்னும் வரவே இல்லை. உங்கள் முன் இருப்பவை இரண்டு கடைகள், ஒன்றுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, மற்றதற்கு இல்லை. நான்கைந்து இனங்கள் எப்போதும் கைவசம் இருப்பதும், வீட்டைக் காட்டாமல் சுங்கச்சாவடியில் குட்டியைக் கைமாற்றுவதும், பார்க்கும் முன்பே முன்பணம் கேட்பதும் தரகரின் வழக்கங்கள். கே.சி.ஐ. பேப்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் வழங்கும் அந்தச் சான்று, குட்டியின் பெற்றோரும் முன்னோரும் யார் என்ற பதிவு மட்டுமே. அந்தப் பெற்றோரின் இடுப்பு எலும்பு நன்றாக இருந்ததா, தாயை எப்படி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இராது. போதாக்குறைக்கு, ஒரு குட்டியின் பேப்பரை இன்னொரு குட்டியோடு கொடுத்தனுப்புவோரும் உண்டு. பேப்பரில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடலில் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள்.

பொறுப்பான ப்ரீடரிடம் போனால், முதலில் கேள்வி கேட்பவர் அவராகத்தான் இருப்பார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், மாடி வீடா, தனி வீடா, லாப்ரடாருக்குத் தினமும் நடை வேண்டும், யார் கூட்டிப் போவது, பெண் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போது நாய்க்கு ஐந்து ஆறு வயதுதானே ஆகியிருக்கும், அப்போது யார் பார்ப்பது என்றெல்லாம் கேட்பார். சிலருக்கு இது அவமானமாகப் படும். பெண் கேட்டுப் போன இடத்தில் விசாரிக்கிற மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். தாயைக் குட்டிகளோடு அதே வீட்டில் காட்டுவார்; தாய் உங்களைக் கண்டு ஒடுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா என்று பாருங்கள், குட்டியின் குணத்துக்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு எளிதில் கிடைக்காது. தந்தை வேறு ஊரில் இருப்பது இயல்பு, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சவழியாக வரக்கூடியது என்பதால், இணை சேர்க்கும் முன் பெற்றோர் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேளுங்கள். ‘டபுள் போன், ஹெவி போன்’ என்று குட்டியின் பருத்த எலும்பைப் புகழ்ந்து பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம். எந்தக் காரணத்தாலும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் நாயைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறாரா என்பதையும் கேளுங்கள். அப்படிச் சொல்பவரிடம் இன்றைக்குக் குட்டி இல்லாமல் இருக்கலாம். அடுத்த ஈற்று வரை காத்திருக்கச் சொல்லலாம். நாயின் கர்ப்பகாலம் 63 நாள், அதற்குப் பின் எட்டு வாரம். ஆக, நான்கு மாதக் காத்திருப்பு என்பது இயற்கையான கணக்குதான்.

தாயைக் கண்ணால் காட்ட வேண்டும் என்பதை இங்கிலாந்தில் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளைக் கடைகளும் தரகர்களும் விற்க முடியாது. வளர்ப்பவர், குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். ‘லூசி சட்டம்’ என்று அதற்குப் பெயர்; குட்டிப் பண்ணை ஒன்றில் ஓயாமல் ஈன்று நலிந்து மீட்கப்பட்ட ஒரு ஸ்பானியல் நாயின் பெயர் அது. பிரான்சும் 2024 தொடக்கத்திலிருந்து கடைகளில் நாய், பூனை விற்பதை நிறுத்திவிட்டது. நம் ஊரில் அப்படி ஒரு தடை இல்லை என்பதால் அந்தக் கேள்வியை வாங்குபவர்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாவம் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. மற்றபடி அவர் பேச்சைத் தட்டிக்கழிக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு வேண்டியது லாப்ரடாரா, ஒரு நாயா என்று அவளிடமே பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். தெருக்குட்டியின் தாயைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை, அது உங்கள் தெருமுனையிலேயே படுத்திருக்கும். நம் வெயிலுக்கும் நம் சாப்பாட்டுக்கும் பழகிய உடல் அது. தத்தெடுக்க நினைத்தால் அந்தக் குட்டிக்கும் எட்டு வாரம் ஆகட்டும். தாய்க்குக் கருத்தடை செய்ய மாநகராட்சியிடமோ அருகில் உள்ள விலங்கு நல அமைப்பிடமோ சொல்லி வையுங்கள். இல்லை, லாப்ரடார்தான் என்று அவள் உறுதியாக நின்றால், வெளியூர் போகிறோம், வீடு மாறுகிறோம் என்று கைவிடப்படும் வளர்ந்த லாப்ரடார்கள் மீட்பு இல்லங்களுக்கு வந்தபடி இருக்கின்றன. மூன்று வயது லாப்ரடார், குட்டியைவிட ஒரு பள்ளிச் சிறுமிக்கு இசைவான துணை என்பது என் கருத்து. அதுவும் வேண்டாம், குட்டிதான் வேண்டும் என்றால் மேலே சொன்னபடி ஒரு ப்ரீடரைத் தேடிக் காத்திருங்கள். 22,000 ரூபாய்க்காரருக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் கணவரோ மகளோ மனம் பொறுக்காமல் அந்தக் கடைக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவும் கூடும். அப்படியானால் அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அதற்காக யாரும் வீட்டில் சண்டை போடவும் வேண்டாம். முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்து கொடுங்கள்; தாயிடமிருந்தே வயிற்றுப்புழுக்கள் குட்டிக்கு வந்திருக்கும், அவை குழந்தைகளையும் தொற்றும் என்பதால் மகளைக் கைகழுவச் சொல்லுங்கள். இரண்டு வாரம் வேறு நாய்களோடு சேர்க்காமல், தெருவில் இறக்காமல் வைத்திருங்கள். சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ இரவுவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்வோவில் நீர்ச்சத்து வேகமாக வற்றி உயிருக்கு ஆபத்தாகும், சில மணி நேரத் தாமதமும் பெரிது. கடை ரசீதையும் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள், புகார் எழுதும்போது அவைதான் சான்று.