ஆஃப் பண்ணியும் எல்இடி லேசா எரியுதுன்னா பல்பை குறை சொல்லாதீங்க

சகோ, 60 வாட் குண்டு பல்பை கழட்டிட்டு 9 வாட் எல்இடி போட்டதுல இருந்து சுவிட்ச் ஆஃப் பண்ணினாலும் ராத்திரி மங்கலா எரிஞ்சிட்டே இருக்கு, பல்பு டூப்ளிகேட்டான்னு கேட்டிருந்தீங்க. பல்பு மேல தப்பு இருக்காது. முதல்ல அந்த சுவிட்ச்ல சின்னதா சிவப்பு இண்டிகேட்டர் இருக்கான்னு பாருங்க, அது வழியா கசியுற துளியூண்டு கரண்ட் குண்டு பல்போட இழையை சூடாக்க பத்தாது, ஆனா எல்இடிக்குள்ள கரண்டை சேத்து வைக்குற கெபாசிட்டர்ங்கிற சின்ன பாகத்தை கொஞ்சம் கொஞ்சமா நிரப்பி மினுக் மினுக்னு எரிய வச்சிடும். சாதா சுவிட்ச் போட்டா சரியாயிடும்.

இண்டிகேட்டரே இல்லைன்னா தான் எனக்கு பயம். சுவிட்சுக்கு பேஸ் (கரண்ட் வர்ற ஒயர்) போறதுக்கு பதிலா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) போயிருக்கலாம், அப்போ ஆஃப் பண்ணினாலும் ஹோல்டர்ல பேஸ் இருந்துட்டே இருக்கும், எங்க பழைய வீட்ல அப்படித்தான் இருந்துச்சு, சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதே ஹோல்டர் பின்ல டெஸ்டர் வச்சா பளிச்னு எரிஞ்சுது! அதாவது ஆஃப் பண்ணிட்டு பல்பு மாத்தினாலும் ஷாக் அடிக்கும். தயவுசெஞ்சு மெயினை இறக்காம அதுல கை வைக்காதீங்க, வீட்ல பசங்களையும் தொட விடாதீங்க, நல்ல எலக்ட்ரீசியனா பாத்து பேஸை சுவிட்சுக்கு மாத்தித் தர சொல்லுங்க. வந்து பாத்துட்டு என்ன சொன்னார்னு இங்கயே எழுதுங்க.