பூசணம் பிடித்த தானியமும் வலசை வாத்துகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நீர்ப்பறவைகள் கூட்டமாகச் செத்தாலே பறவைக் காய்ச்சல் என்கிறார்கள். பூஞ்சையாலும் அப்படி நடக்குமா?

நடக்கும். 2006 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஓக்லி ஊருக்குப் பக்கத்து ஓடையில், சில நாட்களுக்குள் 2,000-க்கும் மேற்பட்ட மல்லார்ட் வாத்துகள் செத்துக் கிடந்தன. அங்கேயும் முதல் பயம் பறவைக் காய்ச்சல்தான். சோதனையில் அது இல்லை என்று தெரிந்தது. பூசணம் பிடித்த தானியத்தை மேய்ந்தபோது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் நுண்ணிய வித்துகளை (ஸ்போர்) ஏராளமாகச் சுவாசித்திருந்தன. குளிர்காலத்தில் வாத்துகள் ஒரே இடத்தில் குவிந்து இரை தேடும். அதனால் ஒரு கெட்டுப்போன குவியல் போதும்.

கேள்வி: தின்ற தானியம் வயிற்றைத்தானே கெடுக்க வேண்டும்? நுரையீரல் எப்படி?

நல்ல கேள்வி. அலகால் கிளறும்போது வித்துகள் தூசியாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. இழுக்கும் மூச்சில் ஒரு பெரும் பங்கு நேராகப் பின்பக்கப் பைகளுக்குப் போகும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, எதிர்ப்பும் குறைவு. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருப்பது போல உதரவிதானம் என்ற தசை இல்லாததால், பறவையால் பலமாக இருமி வெளியே தள்ளவும் முடியாது. உடல் சூடோ 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். இந்தப் பூஞ்சைக்கு அது இதமான சூடு. அறுத்துப் பார்த்தால், பழைய ரொட்டியில் படர்வது போலப் பச்சைப் பூசணம் பைக்குள்ளேயே படர்ந்திருக்கும். பார்க்கவே மனசு கனத்துவிடும்.

கேள்வி: ஒரு பறவையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுமா?

தொற்றாது. எல்லாம் ஒரே குவியலில் மேய்ந்தவை, அவ்வளவுதான்.

கேள்வி: வாயைத் திறந்து மூச்சு வாங்கும் வாத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

வேண்டாம். பறவைக் காய்ச்சலா பூஞ்சையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஆரோக்கியமானவர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள் கிட்டவே போகக் கூடாது. அப்புறம், அடைத்து வைக்கும் பதற்றமே காட்டுப் பறவையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். ஈரமான வைக்கோலைப் படுக்கையாகப் போட்டால் அதுவே பூஞ்சைக்கு விளைநிலம். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் இருந்தாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மிச்சமான ரொட்டியை ஏரி வாத்துகளுக்குப் போடலாமா?

போடாதீர்கள். பூசணம் தெரிந்த பகுதியைக் கிள்ளிவிட்டுப் போடுவதும் சரியல்ல; கண்ணுக்குத் தெரியாமல் மீதியிலும் பரவியிருக்கும். நனைந்த நெல்லையோ மக்காச்சோளத்தையோ நீர்நிலை ஓரம் கொட்டாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள்.