வைரம் வாங்கி வைத்தால் காசாகுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பணிக்கொடையில் ஒரு பகுதி கையில் இருக்கிறது. தங்கம் எட்டாத விலைக்குப் போய்விட்டது. நல்ல வைரம் ஒன்றை வாங்கி வைத்து, பேத்தி பல்கலைக்கழகம் போகும்போது விற்கலாமா? எந்தத் தரத்தில் வாங்குவது?
– களுவாஞ்சிக்குடி

பதில்: டீச்சர், அந்தக் காசைக் கல்லில் போடாதீர்கள். தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை உண்டு. மட்டக்களப்பில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் பவுணுக்கு இவ்வளவு என்று சொல்லி எடுப்பார்கள். அவசரம் வந்தால் வங்கியில் அடகு வைக்கலாம். வைரத்துக்கு அப்படிப் பொதுவான விலை கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு கல்லுக்குள் விலை பல மடங்கு வித்தியாசப்படும். வைர மோதிரத்தை அடகுக்கு நீட்டினால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் காசு தருவார்கள். வைர நகையைப் பெரும்பாலும் 18 கரட்டில் செய்வார்கள், அதில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். நாம் வழமையாகப் போடும் 22 கரட்டில் 91.6 பங்கு. கடையில் நீங்கள் கொடுக்கும் விலைக்குள் இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாருடைய லாபமும் அடங்கியிருக்கிறது. விற்கப் போகும்போது அவ்வளவும் கழிந்துவிடும்.

இல்லை, பேத்திக்கு ஒரு கல் கொடுக்க ஆசை என்றால் அது வேறு கதை, வாங்குங்கள். எடை, நிறம், சுத்தம், வெட்டு என்று நான்கையும் பாருங்கள். நிறம் டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை போகும். டி என்றால் நிறமே இல்லாத கல். எச் வரைக்கும் மோதிரத்தில் பதித்த பிறகு நம் கண்ணுக்கு மஞ்சள் தெரியாது. சுத்தத்தில் வி.எஸ்.2 என்ற படிக்கு, அதாவது லென்ஸில் மட்டும் தெரியும் சின்னக் குறைகள் உள்ள கல்லுக்கு, கீழே இறங்க வேண்டாம். வெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது, கல் மின்னுவது அதனால்தான். கல்லுக்குக் கரட் என்பது எடை, ஒரு கரட் 0.2 கிராம். தங்கத்தின் சுத்தத்தைச் சொல்லும் கரட் வேறு. நன்றாக வெட்டிய ஒரு கரட் வட்டக் கல்லின் குறுக்களவு 6.5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 6 தான் இருக்கிறது என்றால் எடை அடிப்பக்கத்தில் போய்க் குந்தியிருக்கிறது, மேலே தெரியாத எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள். பத்துச் சின்னக் கல் சேர்ந்து ஒரு கரட் வரும் மோதிரத்தை "ஒரு கரட் வைரம்" என்று காட்டினால் அதே விலைக்கு எடுக்காதீர்கள். ஒரே கல்லாக ஒரு கரட் இருப்பது அரிது, அதனால்தான் அதற்கு அந்த விலை.

கடை அச்சடித்த அட்டையைச் சான்றிதழ் என்று வாங்கிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் 1931 முதல் இயங்கும் ஜி.ஐ.ஏ. போன்ற, கல் விற்காத நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அறிக்கை இலக்கத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். பல கற்களில் அதே இலக்கத்தைக் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள். கடைக்காரரிடம் லென்ஸ் வாங்கி, நீங்களே வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: மூச்சுக் காற்றை ஊதி, பனி படிந்து உடனே மறைந்தால் அசல் வைரம் என்கிறார்களே?
– திருக்கோவில்

பதில்: நம்பாதீர்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்திலும் பனி அதே மாதிரித்தான் மறையும். நான் காசு கொடுத்து வாங்கிய பேனா போன்ற சோதனைக் கருவி, வைரம் போலவே மின்னும் வேறொரு கல்லான மொய்சனைட்டையும் வைரம் என்றே காட்டியது. சூட்டைக் கடத்துவதை மட்டும் பார்க்கிற கருவிகள் அப்படித்தான் ஏமாறும்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் கணவர் வைர மோதிரம் அனுப்பியிருக்கிறார். சான்றிதழில் ஆய்வுகூடத்தில் வளர்த்தது என்று இருக்கிறது. அவரை ஏமாற்றிவிட்டார்களா?
– காத்தான்குடி

பதில்: இல்லை தங்கச்சி. சான்றிதழிலேயே எழுதிக் கொடுத்தவர்கள் நேர்மையாகத்தான் விற்றிருக்கிறார்கள். நிலத்துக்கடியில் உண்டானதும் அதே கார்பன், இதுவும் அதே கார்பன். மனம் நிறையப் போடுங்கள். விற்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பெரிய வைர நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் லைட்பொக்ஸ் என்ற பெயரில் இந்த வகைக் கல்லை ஒரு கரட் 800 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு சந்தையில் விலை சரிந்துகொண்டே போனது. 2025இல் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தார்கள்.

கேள்வி: வைர நகைக்கு ஸக்காத் உண்டா?
– சம்மாந்துறை

பதில்: உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

கேள்வி: நகைக்கடை முதலாளி எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். பில் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று மனம் நோவார். கட்டாயம் வாங்க வேண்டுமா?
– கல்முனை

பதில்: கட்டாயம் வாங்க வேண்டும். தெரிந்தவர் என்றால் இன்னும் கட்டாயம். எங்கள் பக்கத்தில் மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிறோம், யாரும் கோபிப்பதில்லை. லட்சக்கணக்கில் நகை வாங்கும்போது மட்டும் ஏன் வாய் அடைத்துப் போகிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குகிறவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. கேட்பது உங்கள் உரிமை, அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பில் இருந்தால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். மகளின் கல்யாணத்துக்குக் கொழும்பில் ஒரு கடையில் தோடு வாங்கினேன். பில்லில் "வைரத் தோடு 1 சோடி" என்று எழுதி, கீழே ஒரு தொகை. எப்போது கொண்டுவந்தாலும் இதே விலைக்கு எடுப்போம் என்று வாயால் சொன்னார்கள். ஒரு வைத்தியச் செலவுக்காகத் திரும்பக் கொண்டுபோனோம். தங்கத்தை நிறுத்து அதற்கு மட்டும் விலை சொன்னார்கள், கல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. வேண்டுமானால் வேறு நகையாக மாற்றித் தருவோம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் காசு கட்ட நின்ற எங்களுக்கு வேறு நகை எதற்கு? அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியவில்லை.

ஆகவே பில்லில் இவ்வளவும் இருக்க வேண்டும்: கல் இயற்கையானதா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா, எத்தனை கல், எத்தனை கரட், நிறமும் சுத்தமும், அறிக்கை இலக்கம், தங்கம் எத்தனை கரட், கல் நீங்கலாக எத்தனை கிராம். திருப்பி எடுப்பதாகச் சொன்னால் காசாகவா, நகையாகவா, எத்தனை வீதம் கழிப்பார்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவர் வாயால் சொன்னதற்குப் பெறுமதி இல்லை.

கேள்வி: பேஸ்புக் நேரலையில் பாதி விலைக்கு வைர மோதிரம் போனது. ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு முற்பணம் அனுப்பினேன். இப்போது என்னை புளொக் பண்ணிவிட்டார். என்ன செய்யலாம்?
– அக்கரைப்பற்று

பதில்: கடையின் விலாசம் தெரியாது, சான்றிதழ் பார்க்கவில்லை, பெயர் தெரியாத ஆளுக்குக் காசு போயிருக்கிறது. இந்தப் பகுதியில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன், தம்பி. அனுப்பிய பிறகு கேட்பதை அனுப்புவதற்கு முன் கேட்டிருக்கலாம். வங்கிச் சிட்டையையும் உரையாடல்களின் படங்களையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பொலிஸுக்குப் போங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: சவூதியில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் வைர மோதிரம் வாங்கினேன். இன்னொரு கடையில் காட்டியபோது இது மொய்சனைட் என்கிறார்கள். விற்ற கடைக்காரர் நான் கல்லை மாற்றிவிட்டேன் என்று பழி போடுகிறார். பில் இருக்கிறது.
– வாழைச்சேனை

பதில்: தங்கச்சி, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கடைக்குப் போனீர்கள், காசு கொடுத்தீர்கள், பில்லும் எடுத்தீர்கள். அந்தப் பழிக்காக ஒதுங்கிவிடாதீர்கள். முதலில் மோதிரத்தைக் கொழும்பில் உள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்காபரண அதிகாரசபையில் பரிசோதிக்கக் கொடுத்து எழுத்தில் அறிக்கை எடுங்கள். அதுவரைக்கும் எந்தக் கடையிலும் கல்லைக் கழற்ற விடாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், உங்களுக்கு இருப்பது ஒரு மாதம்தான். அறிக்கை தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பில்லின் பிரதியோடு முறைப்பாட்டை முதலில் கொடுத்துவிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மூலப் பில்லை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம். கடைக்குத் தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டை எழுத உதவி தேவை என்றால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: அம்மம்மாவின் மாத்தறை வைரத் தோட்டை விற்றால் நல்ல விலை போகுமா?
– ஆரையம்பதி

பதில்: வைர விலை போகாது. மாத்தறை வைரம் என்பது வைரமே இல்லை, சிர்கோன் என்ற வேறொரு வகை நிறமில்லாத கல். நம் நாட்டில் வைரம் எடுப்பதே இல்லை. பத்து மடங்கு லென்ஸில் கல்லைச் சற்றுச் சரித்துப் பாருங்கள், அடிப்பக்கக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. தங்கத்தின் எடைக்கு மேலே பெரிதாக ஒன்றும் வராது. விற்காமல் வைத்திருங்கள்.