எனக்கென்று ஒரு டிரெஸ்ஸிங் ஸ்டைலை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வயது 24, வேலூரில் வேலை, போகவர பைக். இரண்டு வருடமாக வீடியோ பார்த்துப் பார்த்து வாங்கிய துணி பீரோ நிறைய இருக்கிறது, ஒன்றும் செட் ஆகவில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. சட்டை, பேண்ட்டை வைத்தே சொல்கிறேன். குர்தாவுக்கு எங்கே கணக்கு மாறுமோ அங்கே தனியாகக் குறிப்பிடுகிறேன்.

"தன்னம்பிக்கையோடு போட்டால் எல்லாம் அழகுதான்" என்று ஏற்கெனவே சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள். அளவு தப்பாகத் தைத்த சட்டைக்குள் நெளிகிறவரைப் பார்த்து "குறை உன்னிடம்தான்" என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. குறை பெரும்பாலும் துணியில் இருக்கிறது, வெட்டில் இருக்கிறது. இரண்டையும் அளக்கலாம், திருத்தலாம்.

முதலில் பீரோவைத் திறக்காதீர்கள். கொடியைப் பாருங்கள். துவைத்துக் காயப்போடும் கொடியில் நான்கு வாரத்தில் எந்தத் துணி எத்தனை முறை வருகிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வையுங்கள். பத்துச் சட்டை இருந்தால் மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். உங்கள் ஸ்டைல் அந்த மூன்றில் இருக்கிறது. அவற்றுக்குள் பொதுவாக என்ன என்று பாருங்கள். காலர் வகையா, துணியின் கனமா, நீளமா, கலரா? அதேபோல ஒருமுறைகூடக் கொடிக்கு வராத துணி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது", "முதுகு வேர்த்து ஒட்டுகிறது", "காலர் கழுத்தை அறுக்கிறது" என்று எழுதினால்தான் அடுத்த முறை கடையில் அது கைகொடுக்கும்.

பிறகு இஞ்ச் டேப். அடிக்கடி கொடிக்கு வரும் சட்டையை எல்லாப் பட்டனும் போட்டு, தரையில் சுருக்கமில்லாமல் விரித்து அளந்து எழுதுங்கள். ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை வருவதை இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று. பின்பக்கம் கை மூட்டும் இரண்டு தையலுக்கும் நடுவே இருப்பது ஷோல்டர். காலர் மூட்டிய இடத்திலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம். உடம்பில் மார்பு 38 இஞ்ச் என்றால் சட்டையில் 42 முதல் 43 வரை இருக்க வேண்டும். 40 வைத்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும். கத்திரி வெயிலில் காட்பாடி பாலத்தில் நிற்கும்போது தாங்காது. வேலூர் மாதிரி மே மாதம் 40 டிகிரிக்கு மேல் போகிற ஊரில், உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று போக 4 இஞ்சாவது வேண்டும். சட்டையை வெளியே விடுவதென்றால் ஐந்தரை அடி ஆளுக்கு 28 இஞ்ச் நீளம் போதும். டக்-இன் செய்வதென்றால் 30 வேண்டும். இரண்டுக்கும் ஒரே சட்டை என்று 29இல் தைத்தால் இரண்டுக்கும் உதவாது.

ஷோல்டர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தையல் சரியாகத் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அரை இஞ்ச் கீழே இறங்கினால் இரவல் சட்டை மாதிரித் தெரியும். பக்கவாட்டைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சிறிதாக்கலாம். இவையெல்லாம் சுலபமான ஆல்டர். ஷோல்டரைக் குறைக்கக் கையை முழுக்கப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி மூட்ட வேண்டும். அந்தக் கூலிக்கும் மெனக்கெடலுக்கும் வேறு சட்டையே தைக்கலாம். ரெடிமேட் வாங்கும்போதும் இதே வரிசைதான். ஷோல்டர் சரியாக இருந்தால் வாங்குங்கள், மற்றதை ஆல்டர் செய்துகொள்ளலாம். ஷோல்டர் சரியில்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் வேண்டாம்.

கைக்குழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "ஃப்ரீயா இருக்கட்டும் சார்" என்று டெய்லர் கைக்குழியை ஆழமாக இறக்கி வெட்டிவிடுவார். நடப்பது நேர்மாறு. குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது முழுச் சட்டையும் கூடவே மேலே வரும். குழி அக்குளுக்குக் கிட்டே இருந்தால் கை மட்டும் அசையும், சட்டை இடத்தில் நிற்கும். பைக் ஹேண்டிலைப் பிடிக்கிறவருக்கும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவருக்கும் இது முக்கியம். பெண்களின் ப்ளவுஸிலும் குர்தாவிலும் கை பிடிக்கிறது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். குர்தாவில் இன்னொன்று: ஸ்லிட் இடுப்பெலும்புக்கு நேரே தொடங்க வேண்டும். கீழே இறங்கினால் உட்காரும்போது துணி இழுத்துக்கொண்டு தையல் விடும். நீளம் கெண்டைக்காலின் தடித்த இடத்தில் முடியக்கூடாது. அதற்கு மேலேயோ கீழேயோ இரண்டு இஞ்ச் தள்ளுங்கள்.

உடம்பை ஆப்பிள், பேரிக்காய் என்று பிரிக்கும் அட்டவணையைச் சொல்லவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அது தப்பென்று சொல்ல வரவில்லை. மேலே சொன்ன அளவுகள் சரியாகாமல் அந்த அட்டவணையால் ஒரு லாபமும் இல்லை.

துணிக்கு வருவோம். தினசரிக்குக் காட்டன் பாப்ளின் நல்லது. லினன் சுருங்கிக் கசங்கும். கசங்கல் உங்களுக்கு உறுத்தும் என்றால் அதை வாங்கி நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணி சீக்கிரம் காயும், இஸ்திரி கேட்காது. ஆனால் வேர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. கடைக்காரர் "ப்யூர் காட்டன்" என்று சொன்னால் ஓரத்தில் நாலு நூல் உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசமும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியாக மணி போல உருண்டால் பாலியஸ்டர். முடி பொசுங்கும் வாசம் வந்தால் பட்டு.

எவ்வளவு எடுப்பது? 58 இஞ்ச் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், முழுக்கைக்கு 1.6 மீட்டர். 36 இஞ்ச் பன்னா என்றால் முழுக்கைக்கு இரண்டரை மீட்டர் வரை போகும். கட்டம் போட்ட துணியானால் பாக்கெட்டும் பட்டன் பட்டியும் கட்டத்தோடு கட்டம் சேர, கூடவே கால் மீட்டர். இந்தச் சேர்க்கையை டெய்லரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், வெட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கட்டம் என்றதும் நம்ம ஊர்க்காரர்கள் கையிலேயே இருப்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. குடியாத்தம் கைத்தறி லுங்கி. இரண்டு மீட்டர் நீளம், 46, 48 இஞ்ச் அகலம். ஒரு லுங்கியில் நடுத்தர உடம்புக்காரருக்கு ஓர் அரைக்கைச் சட்டை தாராளமாக வரும். வெளியூரில் செக்ஸ் சட்டை என்று பெரிய விலைக்கு விற்பதைவிட நூல் நன்றாக இருக்கும். தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். புதுப் பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்கும். 42 இஞ்ச் மார்பில் அது 2 இஞ்ச் வரை. நனைக்காமல் தைத்ததால் வீணான சட்டைகளுக்குக் கணக்கே இல்லை, பழி மட்டும் டெய்லர் மேல் விழும். ப்ளவுஸுக்கு லைனிங் துணியையும் சேர்த்து நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் லைனிங் மட்டும் உள்ளே சுருங்கி மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். சாயம் போகிற துணிக்கு உப்பு போட்டால் நிற்கும் என்பார்கள், இப்போதைய சாயங்களுக்கு அது எடுபடாது. தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுவதுதான் வழி. வெள்ளைத் துணியை போர் தண்ணீரில் துவைத்தால் உப்பும் சோப்பும் சேர்ந்து படிந்து ஆறு மாதத்தில் பழுப்பாகிவிடும். கடைசி அலசலையாவது காவிரித் தண்ணீர் வரும் நாளில் செய்யுங்கள்.

இனி கலர். இங்கே கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடையில் மாநிறமாகவோ கறுப்பாகவோ ஒரு பிள்ளை போய் நின்றால், "இது உங்களுக்கு எடுக்காது" என்று சொல்லி மங்கின சந்தனமும் சாம்பலும் எடுத்துப் போடுகிறார்கள். பெற்றவர்களே பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்கள். இது அவமானம் மட்டுமில்லை, தொழில் தெரியாத பேச்சும்கூட. கலர் எடுப்பது தோலுக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசத்தால். கறுத்த தோலில் சுத்த வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, பாட்டில் பச்சை எல்லாம் பளிச்சென்று நிற்கும். தோல் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற மங்கின பழுப்பும் சந்தனமும்தான் முகத்தை மங்கடிக்கும். அதாவது அவர்கள் எடுத்துப் போடுவதுதான் எடுக்காத கலர். வயல்வெளியில் நாள் முழுக்க நின்று கறுத்த நம் பாட்டிமார் கட்டின சேலைகளில் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் இருந்தன. ஆரணிப் பட்டில் இன்றும் அந்தக் கலர்கள் இருக்கின்றன. சோதனை சுலபம்: துணியைக் கடை லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்து ஒரு போட்டோ எடுங்கள்.  முகமும் துணியும் ஒன்றோடொன்று கலந்தால் வேண்டாம், பிரிந்து தெரிந்தால் எடுங்கள். வேர்வை ஈரம் காட்டிக்கொடுப்பது நடுத்தரச் சாம்பலும் வெளிர் நீலமும்தான். வெள்ளையிலும் கருநீலத்திலும் பொடி பிரிண்டிலும் அவ்வளவாகத் தெரியாது.

பேண்ட்டில் கருநீலம், கரும்பழுப்பு, சாம்பல் என்று மூன்று போதும். மூன்றோடும் சேருகிற ஆறு சட்டை இருந்தால் 18 ஜோடி ஆயிற்று. பேண்ட் தைக்கும்போது பின்பக்க நடுத்தையலில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். இடுப்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம்.

ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் நீங்கள் இணையத்தைத் தேட வேண்டியதே இல்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் எல்லாம் தோல் தொழிலில் ஒரே ஊர் மாதிரிதான். ஆம்பூரில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் ஷூ, அதாவது ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சியது, மலிவாகக் கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சாயந்திரம் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கிளம்புமுன் காகிதத்தில் நின்று காலைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் ஷூவுக்குள் மடங்காமல் படுத்து, முன்னால் ஒரு விரல் அகலம் மிஞ்ச வேண்டும். நம்ம 8 சைஸ் அதில் ஐரோப்பியக் கணக்கில் 42 என்று போட்டிருக்கும். வலது இடது இரண்டிலும் சைஸைத் தனித்தனியாகப் பாருங்கள், ஜோடி மாறிக் கிடப்பது உண்டு. பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோலை நகத்தால் அழுத்துங்கள். ரொம்ப நாள் கிடங்கில் கிடந்த பியூ சோல், காற்றின் ஈரத்தால் உள்ளே உளுத்துப்போய் இரண்டாம் மாதம் கேக் மாதிரி உதிரும். தோலா ரெக்ஸினா என்பதற்கு வெட்டு ஓரத்தைப் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல், துணி மேல் பூச்சாக இருந்தால் ரெக்ஸின். பெல்ட், பேண்ட்டின் இடுப்பைவிட 2 இஞ்ச் கூட இருந்து, ஐந்து ஓட்டையில் நடு ஓட்டையில் மாட்ட வேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கிடைத்தால் பெல்ட்டுக்கு அதை எடுங்கள். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மிருது, ஷூ மேல்பாகத்துக்கு ஏற்றது. பெல்ட்டில் அது சீக்கிரம் நீண்டு தொய்ந்துவிடும்.

குரோம் என்று எழுதிவிட்டு, தோல் கழிவு கலந்த நம்ம பாலாற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். இங்கே ஆற்றங்கரைக் கிணறுகள் பலவற்றில் இன்னும் வாயில் வைக்க முடியாத தண்ணீர். தோல் தொழிலை மூடு என்று சொல்லவில்லை, எத்தனையோ பெண்கள் அந்த ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் வீடு நடத்துகிறார்கள். வருடத்துக்கு மூன்று ஜோடி மலிவாக வாங்கி எறியாமல், ஒரே நல்ல ஜோடியைச் சோல் மாற்றி மாற்றி நான்கு வருடம் ஓட்டலாம் என்றுதான் சொல்கிறேன். அதற்குத் தோல் நன்றாக இருந்து சோல் தையல் போட்டதாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எல்லாத் துணியையும் ஒரே நாளில் டெய்லரிடம் கொடுக்காதீர்கள். சாதாரணத் துணியில் முதலில் ஒரு சட்டை. மூன்று முறை துவைத்துப் போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சாக்பீஸால் சட்டையிலேயே குறித்துக் கொண்டுபோங்கள். அந்தத் திருத்தத்தை டெய்லர் தன் அளவு நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிய பிறகு நல்ல துணியைக் கொடுங்கள். கூலியில் ஐம்பது ரூபாய்க்கு அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாலில் இரண்டாயிரத்துக்குப் பேரம் பேசாமல் வருகிறோம் இல்லையா? தீபாவளிச் சட்டை என்றால் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தபிறகு கொடுத்தால் நாலு பேர் துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவார்கள், உங்கள் ஷோல்டர் அளவை யாரும் பார்க்கமாட்டார்கள்.