பேரப்பிள்ளைகளோடு ஜார்ஜ் கோட்டைக்கு: லண்டன் அட்டை செல்லுமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் இங்கிலாந்தின் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டி, டோவர் கோட்டைக்கெல்லாம் டிக்கெட் வாங்காமலே போய்வருகிறாள். விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளை (வயது 9, 12) ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போக ஆசை. அந்த அட்டை இங்கே செல்லுமா? நம் ஊரில் அப்படி ஒன்று உண்டா? மூவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கின்றன. – வாசகி, மாம்பலம்

பதில்: செல்லாது அம்மா. லண்டன் டவருக்கே அதைக் காட்டி நுழைய முடியாது. அது வேறு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. இங்கே கோட்டை அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளது. அந்தத் துறையில் ஆண்டுச் சந்தா அட்டை என்ற வழக்கமே இல்லை, போகும்போதெல்லாம் டிக்கெட்தான்.

அதனால் உங்களுக்கு நஷ்டமில்லை. தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மகள் ஓசிஐ அட்டையைக் கையோடு கொண்டுவரட்டும். அந்த அட்டை உள்ளவர்களுக்கும் இந்தியர்களுக்கான கட்டணமே. இதன் அருமை மாமல்லபுரத்தில்தான் தெரியும். அங்கே வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், நமக்கு 40. அட்டையை வீட்டில் மறந்துவிட்டு கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

பிள்ளைகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டோவரைப் பார்த்த கண்கள் கோபுரங்களைத் தேடும். இங்கே தலைமைச் செயலகமும் வரிசையாக நிற்கும் அரசு வண்டிகளும்தான் முதலில் தெரியும். 1639-இல் இடம் வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டத் தொடங்கிய வணிகக் கோட்டை இது. ராஜா ராணி குடியிருந்த இடமல்ல.

அருங்காட்சியகத்தில் நாணயம், சீருடை, பீங்கான் எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் கொடுத்தால் சின்னவன் கொட்டாவி விடுவான். நேரே தேசியக் கொடியிடம் போங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய கொடி அது.

பிறகு புனித மேரி தேவாலயம். 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையை மரமே இல்லாமல் வளைவாகக் கட்டினார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்குதான் நடந்தது. ஆனால் உள்ளே போகுமுன் வெளியே தரையைப் பாருங்கள். பழைய கல்லறைக் கற்கள் பதித்திருக்கும். அவை இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த இடுகாட்டிலிருந்து வந்தவை. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அந்தக் கற்களுக்குப் பின்னால் பதுங்கியதால், அப்புறம் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். லத்தீன், ஆர்மீனிய எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

மாம்பலத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். வாசலில் சோதனை இருக்கும். எல்லோருக்கும் அடையாள அட்டை அவசியம், பை சிறியதாக இருக்கட்டும். சட்டமன்றம் கூடும் நாள்களில் கெடுபிடி அதிகம், தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆராதனை நடக்கும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.