திடலும் திட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் காற்பந்தும் பழக்குகிறேன். அண்மையில் போன பட்டறையில், உதை, தடுப்பு என்று தனித்தனியாகப் பழக்காமல் பக்கத்துக்கு நாலு பேராக நாலுக்கு நாலு ஆட்டம் வைத்து அதிலேயே கற்கவிடச் சொன்னார்கள். பிறர் செய்வதைப் பார்த்தே கற்கிறோம் என்று சொல்லும், உளவியலாளர் பண்டூராவின் சமூகக் கற்றல் கோட்பாட்டையும் அங்கேதான் கேட்டேன். ஆட்டமே கற்றுக்கொடுக்கும் என்றால் நான் செய்து காட்டலாமா, கூடாதா? காணொளி போடட்டுமா? திடலில் அடையாளத்துக்கு வைக்கும் கோன் வாங்கக்கூடப் பள்ளியில் காசில்லை. போன போட்டியில் பந்தை வைத்துக்கொண்டு சுற்றி இழந்த ஒருவனைச் சத்தம் போட்டு வெளியே உட்கார வைத்தேன், அது வேறு கதை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊர்ப் பலகை பெஸ்தாரி ஜெயா என்று மாறிய பிறகும் பழைய பெயரையே எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

காணொளி போடுங்கள், போடாமலும் இருங்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ‘அது வேறு கதை’ என்று கடைசி வரியில் தாண்டிப் போனீர்களே, அங்கே உங்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தத் தோன்றியது. எங்கள் தாமான் குடியிருப்புத் திடலில் ஓர் அப்பா மகனைத் திட்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் நாங்கள் சின்னப் பையன்கள். மாலையில் அண்ணன்மார் ஆடுவார்கள், லோங்காங்கில், அதாவது சாக்கடையில், விழும் பந்தை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அவர்களில் ஒருவர், பால்மரம் வெட்டுபவரின் மகன், இடதுகாலர். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை பின்னால் பார்ப்பார். வந்ததும் அப்படியே சுழன்று போய்விடுவார். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மாதத்தில் நாங்கள் எல்லாரும் பின்னால் பார்த்தோம், சுழன்றோம்.

அப்புறம் எங்களுக்கும் ஒரு பயிற்சியாளர் வந்தார். முதல் வாரமே ஒருவன் சுழன்று பந்தை இழந்தான். அவர் காதைத் திருகி அவனைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தார். திருகப்பட்டது அவன் காது. மறுநாளிலிருந்து சுழலாமல் போனது பத்துப் பேர். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் உதைப்போம். அவர் அதை ஒழுக்கம் என்றார்.

பண்டூரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த பொம்மைச் சோதனையை மட்டும் பட்டறையில் சொல்லியிருப்பார்கள், பெரியவர் பொம்மையை அடித்ததைப் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள் என்று. 1965-இல் வந்த அவருடைய இன்னொரு சோதனை எனக்கு அதைவிட முக்கியம். பொம்மையை அடித்தவர் தண்டனை வாங்குவதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். சரி, அவர்கள் கற்கவில்லையா? பார்த்ததைச் செய்து காட்டினால் ஒட்டுப்படமும் பழச்சாறும் தருகிறோம் என்றதும், மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். எல்லாம் உள்ளே இருந்தது, வெளியே வரவில்லை. கவனம், நினைவு, செய்து பார்த்தல், ஊக்கம் என்று பண்டூரா கற்றலுக்கு நாலு படி சொல்கிறார். முதல் மூன்றையும் உங்கள் பையன்கள் தாண்டியிருக்கலாம். நாலாவதை நீங்கள் ஒரே கத்தலில் உடைத்தீர்கள், அதுவும் மற்றப் பையன்கள் பார்க்க.

என் கதையிலும் அதுதான் நடந்தது. நாற்பது வயதில் அலுவலக நண்பர்களோடு விளையாட்டாக ஒரு காற்பந்து ஆட்டம், கத்த யாருமில்லை. பந்து வந்தது, தோளுக்கு மேல் பார்த்தேன், கால் தானாகச் சுழன்றது. முப்பது வருடம் எங்கே இருந்தது அது? அன்று இரவு முழங்கால் வீங்கியது வேறு.

உங்கள் பட்டறையில் சொன்ன முறைக்கு மூலவர்களான பங்கரும் தோர்ப்பும் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து 1982-இல் ஆட்டத்தை முன்னால் வைத்தது, ‘இப்போது என்ன செய்யலாம்’ என்று பையனே முடிவெடுக்கத்தான். முடிவெடுப்பவன் தப்பாகவும் எடுப்பான். தப்புக்கு உட்கார வைப்பீர்கள் என்றால் நாலுக்கு நாலு எதற்கு? வரிசையில் நிற்க வைத்து உதைக்கச் சொல்லிவிடுங்களேன்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பளமில்லாமல் வெயிலில் நிற்கிறீர்கள், தெரியும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்: செய்து காட்டலாம். ஆட்டம் சிக்கிக்கொண்ட இடத்தில் நிறுத்தி, முடிந்தால் உங்களைவிட அவர்கள் வயதுக்காரன் ஒருவனைச் செய்யச் சொல்லுங்கள், தடுமாறித் தடுமாறிக் கற்றவனாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த ஆட்டத்தில் நீங்கள் உட்கார வைத்தவனை முதலில் இறக்குங்கள். அவன் மறுபடி சுழன்று பந்தை இழந்தால் எல்லார் காதிலும் விழ, ‘நல்லாப் பார்த்தடா’ என்று சொல்லுங்கள்.

கோனுக்கு நாங்கள் செருப்பைத்தான் வைத்தோம்.

அன்புடன்.